இக்கையேட்டில் கையாளப்பட்ட குறிமுறைகள்

தடித்த எழுத்தில் இருப்பது
திரையில் நீங்கள் அழுத்தவேண்டிய பொத்தான்.
சாய்ந்த எழுத்து, முதன்முறை வரும் சொல்.
மறுமுறை வரும்போது அது நிமிர்ந்துகொள்ளும்,
வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம் ஆனவனைப் போல.
கோணக்குறிகளுக்குள் இருப்பதை
உங்கள் விவரத்தால் மாற்றிக்கொள்க.

எழுதியவன் நான்தான்.
எடைமேடை மென்பொருள், பதிப்பு மூன்று புள்ளி இரண்டு,
பயனர் கையேடு, பக்கம் நான்கு.
பக்கம் நான்கை யாரும் படிப்பதில்லை.

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டுக்கு எதிர்ச்சாரியில்
ஒரு மேடையிலிருந்து புகார் வந்தது.
ஒரே நாளில் பதினேழு லாரி,
பதினேழு சீட்டிலும்
‹வண்டி எண்›
என்றே அச்சாகியிருந்தது,
கோணம்கூடப் பிசகாமல்.

நேரில் போனேன்.
கண்ணாடிக் கூண்டுக்குள் தேசராணி,
மேசையில் துருத் தூள், பாதி வடை.
"நீ எளுதினதத்தான் அடிச்சேன்.
ஒரு எளுத்து மாத்தல.
மாத்தச் சொல்லிக்கீறியா இன்னா?"

சொல்லியிருந்தேன். அந்தப் பக்கம்
திரையில் வெயில் அடிக்காமலிருக்க
கண்ணாடியில் செல்லோடேப் போட்டு ஒட்டியிருந்தது.
அவள் பக்கம் மூன்று, பொருளடக்கம்.
லாரிக்காரர்கள் பக்கம் நான்கு.

நான் எழுதியது மொத்த எடை, வெற்றெடை, நிகர எடை.
அங்கே புழங்கியது லோடு, காலி, நெட்டு.
ஒரு பொருளுக்கு ஒரு சொல்லே ஆள்க,
ஒரு சொல்லுக்கு ஒரு பொருளே கொள்க
என்று எங்கள் ஆபீஸ் நடைவிதி, பிரிவு இரண்டு.
கேட்டேன், வெற்றெடையைக் காலி என்றே போட்டுவிடலாமா?
"போடேன். லாரி காலி, டாங்கி காலி.
போன மாசம் இங்க ஒரு கிளீனர் பையன் காலி."
மூன்றுக்கும் ஒரே குரல்.
என் பென்சில் காலியின் காலில் நின்றுவிட்டது.

லோடு ஏறி நின்றதாம்.
பையன் பின்பக்கம் குனிந்து
சக்கரத்துக்குக் கட்டை வைத்துக்கொண்டிருந்தானாம்.
எண் நிலைத்ததும், விதிப்படி,
இவள் பதிவு செய் அழுத்தினாள்.
பச்சை விளக்கு எரிந்தது.
டிரைவர் ரிவர்ஸ் எடுத்தான்.

"பச்ச போட்றதுக்கு முன்ன
எட்டிப் பாக்கணும்னு
உன் புக்குல எங்க கீது?"

குறிப்பு என்றால், தெரிந்தால் நல்லது.
கவனம் என்றால், தரவு போகும்.
எச்சரிக்கை என்றால், உயிர் போகும்.
பக்கம் நான்கில் மூன்றையும் பிரித்து விளக்கியிருந்தேன்.
நூற்று முப்பத்தெட்டுப் பக்கத்தில்
குறிப்பு அறுபத்தொன்று, கவனம் இருபத்திரண்டு.
எச்சரிக்கை வரையறையில் மட்டும் உண்டு.
முக்கோணம்கூட வரைந்து வைத்திருந்தேன், அழகாக.

அன்றிரவே எழுதினேன்:
எச்சரிக்கை: பதிவு செய் அழுத்துமுன்
மேடையிலும் பின்னாலும் ஆள் இல்லை என்று
கண்ணால் பார்த்து உறுதிசெய்க.
ஆபீசில் வரதகுரு சிவப்பில் கேட்டான்:
இது மென்பொருளா, மேடையா?
நம் எல்லைக்குள் வருமா?
குறிப்பு ஆக்கிவிடலாமே?
விளிம்பில் பதில் எழுதினேன்:
பக்கம் நான்கு பார்க்க.

அந்தப் பையன் பெயரைத் தேடினேன்.
சீட்டில் வண்டி எண்ணுக்கு ஒரு கட்டம்,
ஓட்டுநருக்கு ஒன்று, சரக்குக்கு ஒன்று.
கிளீனருக்கு நாங்கள் கட்டம் வைக்கவில்லை.
தேசராணிக்கும் தெரியவில்லை,
"ஆந்திரா சைடு. சிரிப்பான்."
‹பெயர்›.
மாற்றிக்கொள்ள என்னிடம் விவரமில்லை.

மூன்று புள்ளி மூன்றை
நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.
வடைக்கையைத் துடைத்துக்கொண்டு புரட்டினாள்.
நாற்பத்தேழாம் பக்கத்தைக் கிழித்தாள்,
முக்கோணம் தன்னைப் பார்க்க
பழைய நான்கின் மேலேயே ஒட்டினாள்.
வெளியே ஒரு டிரைலர் ஏறியது,
கூண்டு லேசாக ஆடியது.
எண் நிலைத்தது. எழுந்து
கதவைத் திறந்து
எட்டிப் பார்த்தாள்.
சீட்டில்
‹வண்டி எண்›
என்றுதான் வந்தது.