நூற்று நான்கு வரிகள்

வரி அலுவலகத்தில், ஏழாம் கவுன்ட்டரில்
என் வேலை வரிகளை எண்ணுவது.
எழுதியவர் யாரோ. வாழப்போகிறவர் யாரோ.
நூறு வரிக்கு ஒரு முத்திரை வில்லை, பதினாறு யூரோ.
நூற்றியோராவது வரி தொடங்கிவிட்டால்
இன்னொன்று.

அன்று ட்ரியெஸ்தேயில் போரா வீசியது,
மேட்டிலிருந்து கடலுக்கு இறங்கி ஓடும் காற்று.
டோக்கன் அறுபத்திரண்டு:
இருவர் வந்தார்கள், ஒரே குடையோடு.
போரா நாளில் குடை கொண்டுவருகிறவர்கள்
ஒன்று வெளியூர்,
இல்லையென்றால் வேறெதையோ நினைத்துக்கொண்டு
கதவைப் பூட்டியவர்கள்.

உரிமையாளர்: துல்லியோ பாபிச்.
குடியிருப்பவர்: ஒந்தீனா ருஸ்தியா.
வீடு: சான் ஜாக்கொமோ, மூன்றாம் மாடி,
எண்பத்தொரு சதுர மீட்டர்.
அடையாள அட்டைகளைக் கேட்டேன்.
அவனுடையதில் அதே தெரு, அதே எண், அதே மாடி.
அவளுடையதிலும்.
நான் நிமிரவில்லை.
எங்கள் படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது.

எட்டாம் ஷரத்து:
‘குடியிருப்பவர் வீட்டை நேரில் பார்வையிட்டு
நல்ல நிலையில் இருக்கக் கண்டார்.’
ஒந்தீனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
“பத்தொன்பது வருஷம் பார்வையிட்டேன்.
சமையலறை ஜன்னல் மூடாது. அதையும் எழுதச் சொல்லுங்கள்.”
“மூடும்,” என்றான் துல்லியோ. “கொஞ்சம் தூக்கி மூடணும்.”
“தூக்கித்தான் மூடினேன்.”

எண்ணி முடித்தேன். நூற்று நான்கு.
இன்னும் கையெழுத்து விழவில்லை,
நாலு வரி எடுத்துவிட்டால் ஒரு வில்லை மிச்சம் என்றேன்.
இப்படிச் சொல்வது என் வேலையில் சேராது.
மாதக் கடைசி, வாய் சொல்லிவிட்டது.

தாளை நடுவில் வைத்து இருவரும் குனிந்தார்கள்.
நாய்கள் பற்றிய ஷரத்து எதற்கு, அடித்துவிடலாம் என்றான்.
இருக்கட்டும், ஒன்று வளர்ப்பதாக இருக்கிறேன் என்றாள்.
அவன் அதை இப்போதுதான் கேள்விப்படுகிறான் என்பது
காது மடலில் தெரிந்தது.

அவள் விரல் பதினோராம் ஷரத்தில் போய் நின்றது:
‘உரிமையாளர் முன்னறிவிப்புக் கொடுத்து
ஆறு மாதத்துக்கு ஒருமுறை
வீட்டின் நிலையைப் பார்க்க வரலாம்.
குடியிருப்பவர் மறுக்கக்கூடாது.’

சரியாக நாலு.

எட்டாம் கவுன்ட்டரில் லோரெதானா
யாருடைய கார் ஷெட்டுக்கோ பாக்கி கேட்டு
இரைந்துகொண்டிருந்தாள்.
“இன்னொரு வில்லை வாங்கிவருகிறேன்,”
துல்லியோ எழுந்தான். குடையை எடுக்கவில்லை.

அவன் புகையிலைக் கடைக்குப் போனதும்
அவள் கேட்டாள்:
“முன்னறிவிப்பென்றால் எத்தனை நாள்?”
“இதில் எழுதவில்லை.”
“எழுதினால் நூற்றைந்து ஆகிவிடுமா?”
“ஆகட்டும். இரண்டாவது வில்லை வரப்போகிறது,
இருநூறு வரை இடமிருக்கிறது.”

இடமிருக்கிறதா, என்று
தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.
பேனா கேட்டாள்.
அந்த நாலு வரிக்குக் கீழே, சின்ன எழுத்தில்:
‘மணி அடித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும்.
தன் சாவியால் திறக்கக்கூடாது.’

அவன் திரும்பி வந்தான்,
தலைமுடியைக் காற்று ஒரே பக்கம் வாரியிருந்தது.
வில்லையின் தேதியைப் பார்த்தேன்:
கையெழுத்துக்குப் பிந்தியதாக இருக்கக்கூடாது என்பது விதி.
இன்றைய தேதி. சரி.
அவன் வாசித்தான். மறுபடியும் வாசித்தான்.
சாவிக்கொத்தை எடுத்து
நகத்தால் வளையத்தைப் பிளக்கப் பார்த்தான்,
முடியவில்லை. பேனா மூடியால் முயன்றான்.
அவள் கையை நீட்டி வாங்கி
ஒரே திருகில் கழற்றிக் கொடுத்தாள்,
அவன் கையிலேயே.
அவன்தான் அதை மேஜையில் வைத்தான்.

பதிவுக்குச் சாவி தேவையில்லை என்று
சொல்ல வாயெடுத்தேன்.
சொல்லவில்லை.
எண்களை ஏற்றினேன். பதினொன்று நாற்பத்திரண்டுக்கு
ரசீது வந்தது, இரண்டு பிரதி.

படிகளில் எந்தப் பக்கம் யார் இறங்கினார்களோ,
வரிசை நீளம், பார்க்க நேரமில்லை.
குடை மட்டும் என் கவுன்ட்டரில் சாய்ந்து நின்றது.
முப்பது நாள் வைத்திருந்தேன்,
ஒப்பந்தம் பதியச் சட்டம் தரும் அவகாசம் அது.
யாரும் வரவில்லை.
கம்பி ஒன்று வளைந்திருக்கிறது.
கொஞ்சம் தூக்கித்தான் மூட வேண்டும்.