பத்து வரை

விழுந்தது நினைவில்லை.
பிடோக் நூலகத்துக்குப் போகிற வழியில்
சைக்கிள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் என்று
பிறர் சொல்லித்தான் தெரியும்.
பதினொரு நாள் என் கையில் இல்லை.
கணக்குப் பிரிவில் பதினாறு வருடம் இருந்தவள்,
பத்துக் காசு இடித்தாலும் தூங்காதவள்,
இதற்கு மட்டும் ரசீது கேட்க ஆளில்லை.

எண்கள் போகவில்லை, அதுதான் வேடிக்கை.
நூறிலிருந்து ஏழேழாகக் குறைக்கச் சொன்னார் மருத்துவர்.
தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது,
அவர் போதும் என்ற பிறகும்
இரண்டு வரை இறங்கிப் போனேன்.
அப்புறம் ஒரு படம் காட்டினார்.
எனக்குத் தெரியும். தினமும் கையில் எடுப்பது.
"பல் உண்டு," என்றேன். "கடிக்காது."
அவர் எழுதிக்கொண்டார்.

அன்றிலிருந்து வீட்டில் நான் விடுகதை.
வெள்ளையாய் இருக்கும், கடலில் பிறக்கும்,
குழம்பில் காணாமல் போகும்.
குணாளன் உப்பு டப்பாவை நீட்டுவார்,
நான் அழுதுவிடுவேன்,
அவிழ்த்தது நானில்லையே என்று.

பேச்சுப் பயிற்சிக்கு வரும் ஹஸ்லினா அவரிடம் சொன்னாள்:
சொல்லை எடுத்துக் கொடுக்காதீர்கள்.
பத்து வரை எண்ணுங்கள். பிறகு முதல் எழுத்து மட்டும்.

மகன் அவன் பங்குக்கு
மஞ்சள் ஒட்டுத்தாள் வாங்கி வந்தான்.
அடுப்பு. இழுப்பறை. சாவி இங்கே.
கதவில்: அடுப்பை அணைத்தாயா?
கடைசித் தாளைத் தன் சட்டையில் ஒட்டிக்கொண்டு
எதிரே வந்து நின்றான்: இனியன்.
உன்னை எப்படிடா மறப்பேன் என்று சொல்ல வந்தேன்.
வந்தது, "உன்னை… உன்னை…"
அவன் விரல்விட்டு எண்ணத் தொடங்கினான்.

சனிக்கிழமைதோறும் புளோக்கின் கீழ்த்தளத்தில்
ஒன்பது பிளாஸ்டிக் நாற்காலி.
மின்விசிறி வேண்டாம் என்பார் ஒருவர்,
அதன் சத்தம் அவருக்குள் கல் அரைக்கும்.
பளு தூக்கி ஓட்டிய திரு செங் வாராவாரம் சொல்வது:
"காலில் மாவுக்கட்டு என்றால் ரயிலில் இடம் தருவார்கள்.
இதற்கு எங்கே போடுவது கட்டு?"
அதே இடத்தில் நிறுத்துவார். நாங்களும் சிரிப்போம்,
சிலர் முதல்முறை கேட்பதுபோல்,
சிலர் உண்மையிலேயே முதல்முறை.
பர்ஸில் வைக்கும் அட்டையை அவர்தான் தந்தார்.
நான்கு மொழியில் ஒரே வரி:
தலையில் அடிபட்டவள், பேச நேரமாகும்.

இரண்டு மாதம் அதை வெளியே எடுக்கவில்லை.
யாரிடமும் கடன் கேட்காதவள் நான்,
நேரம் மட்டும் எப்படிக் கேட்பது?
ஒருநாள் கோப்பிக்கடை வரிசையில்
என் முறை வந்தது, சொல் வரவில்லை.
பின்னால் நின்றவர் நாக்கைச் சப்புக் கொட்டினார்.
எடுத்து நீட்டினேன்.
கடைக்காரம்மா கண்ணாடியை நெற்றியில் ஏற்றிப் படித்தார்,
கல்லாவில் கையூன்றி,
"பெலான் பெலான்," என்றார்.
மெதுவாய், மெதுவாய்.
சீனி போடாத கோப்பி ஒன்று
ஒரு நிமிடம் நாற்பது வினாடியில் கேட்டேன்.

குணமாகிவிட்டதா என்கிறார்கள்.
ஈரச்சந்தைக்குள் இன்னும் பத்து நிமிடம் தாங்காது.
மதியம் மூன்றுக்கு யாரோ மெயினை அணைத்ததுபோல்
உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிவிடுகிறேன்.
வேலை போனது போனதுதான்.

நேற்று பேருந்து நிறுத்தத்தில் இறங்கினோம்.
வீட்டுக்கு நூறடி இருக்கும், பிடித்துக்கொண்டது மழை.
அவர் பையைக் காட்டினேன்.
விரியும், என்றேன். கம்பி. கறுப்பு.
அவர் உதடு மெல்ல அசைந்தது, ஒன்று, இரண்டு.
பையில் இருக்கிறது என்று அவருக்கும் தெரியும்.
ஏழு. எட்டு. சட்டை தோளோடு ஒட்டிவிட்டது.
பத்தும் ஆனது.
முதல் எழுத்தைத் தருவார் என்று பார்த்தேன்.
மூக்கு நுனியில் நீர் சொட்ட
பதினொன்றை எண்ணினார்,
பன்னிரண்டு,

"குடை!"

இருவரும் முழுக்க நனைந்திருந்தோம்.
ஆனாலும் விரித்தார்.