மூன்றே முக்கால் மீட்டர்

பனச்சமூட்டுச் சந்தையில்
மீன் பார்க்கிற கால் கேரளத்தில்,
சில்லறை எண்ணுகிற கால் தமிழ்நாட்டில்.
எங்கள் டிப்போ பல் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடி.
வியாழன்தோறும் ரேந்தை வரும்.
நான் பிழை பார்க்கிறவள்.

கறுப்பு வெல்வெட்டில் விரித்து
பூதக்கண்ணாடியை நகர்த்துவேன்.
கோபத்தில் இழுத்து முறுக்கியது யார்,
கண்ணாடி மாற்ற வேண்டியது யாருக்கு,
பெயர்ச்சீட்டு பார்க்காமல் சொல்வேன்.
மேரி ஜாய்ஸின் இலைகள் இடப்பக்கம் சாயும்.
வர்க்கீஸ் பெண்டாட்டி
குண்டூசியைச் சீக்கிரம் பிடுங்குகிறாள்;
பூ மூச்சுவிடுவதற்குள் அவளுக்கு அடுத்த பூ.

தபீத்தாள் பின்னலில் பிழை இருக்காது.
நாற்பத்தெட்டுக் கட்டைகளும்
அவள் தலையணைமேல் புரளும்போது
முறத்தில் புளியங்கொட்டை உருளும்.

பழுப்பாய் ஒரு புள்ளி மட்டும்.
மீட்டருக்கு ஒன்று, சில வாரம் இரண்டு.

ரப்பர் பால்.
விடியுமுன் முன்னூறு மரம் வெட்டுகிறாள்,
நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு.
சிரட்டை சிரட்டையாய் எடுத்து ஊற்றி
உறையவைத்து, வீடு வந்து,
விரலில் காய்ந்ததைப் பாம்புச்சட்டை போல் உரித்து,
எண்ணெய் பட்டால் நூல் கெடுமென்று
சாம்பலில் தேய்த்துக் கழுவி
உட்காருகிறாள்.
நகக்கண்ணில் மரம் மிச்சமிருக்கிறது.

‘கறை. 3¾ மீ. கழிவு’ என்று எழுதினேன்.

“நூல் காசையும் பிடிப்பியளோ?”

பிடிப்போம்.

“ஓட்டைக்கு நீங்க நூலே தரல்லியே.
ஓட்டைக்குள்ள கூலியையாவது தாருங்க.”

சிரித்தேன்.
அவள் சிரிக்கவில்லை.

தோளில் சீலை போட்டதற்காக
பெண்களைத் தெருவில் கிழித்த நாடு இது.
அதே காலத்தில் அதே பெண்கள்
மிஷன் வராந்தாவில் குனிந்து பின்னியது
கப்பலேறிப் போய்
யாரோ ஒரு துரைசாணியின் கழுத்தைச் சுற்றி நின்றது.
பின்னிய கூலியைச் சேர்த்து
தன்னையே விலைக்கு மீட்டவளும் இருந்தாள் என்பார்கள்.
அவள் எத்தனை மீட்டர் பின்னியிருப்பாள்?
என் அளவுநாடாவின் பின்பக்கம்
இன்னமும் சீமை இஞ்சுதான்.

கழித்ததைச் சுருட்டி
டிபன் தூக்கில் திணித்துக்கொண்டு போனாள்.

அடுத்த வியாழன் அவளே சொன்னாள்:
உறைந்த பாலை ரோலரில் கொடுக்கும்போது
கூடவே ரேந்தையையும் விட்டாளாம்.
வரி ரோலருக்குக் கொண்டுபோகவில்லை.
உரித்தெடுத்தால் ஷீட்டு நிறைய முல்லை,
கொடி, இலை, ஓரத்து வளைவு.
புகையில் தொங்கவிட
தேன்நிறமாய் வந்ததாம் அத்தனையும்.

ஏன் செய்தாய் என்று நான் கேட்கவில்லை.

வெள்ளறடைக் கடையில் தாமோதரன்
வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து
“இதெந்தா, ஷீட்டோ சாரியோ?” என்றிருக்கிறார்.
பிறகு தராசில் எறிந்தார்.

“பூவுக்குன்னு அஞ்சு பைசா கூட்டல்ல,”
என்றாள் தபீத்தாள்.
“கறைக்குன்னு அஞ்சு பைசா குறைக்கவும் இல்ல.”

சொல்லிக்கொண்டே
புதிய சுருளை வெல்வெட்டில் உருட்டிவிட்டாள்.
கீழே யாருக்கோ பல் ராவுகிற சத்தம்.
கண்ணாடியை நகர்த்தினேன்.

இரண்டாம் மீட்டரில்,
மூன்றாம் பூவின் காம்புக்கருகில்,
கடுகில் பாதி.

அதன்மேல் என் கட்டைவிரலை வைத்துக்கொண்டு
நாடாவை இழுத்தேன்.