துணைக்கால்

சங்காட் ஜோங்கில் மழை பிடித்தால்
முதலில் மின்சாரம் போகும்,
பிறகுதான் தவளைக்கே தெரியும்.
நேற்று பதினொன்றேகாலுக்குத்
துடுப்புச் சக்கரம் நின்றது.
எட்டுத் தொட்டியும் ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்தின.

கிளறாவிட்டால் பாசி கட்டிகட்டியாய் ஒதுங்கும்.
ஒதுங்கியது மூச்சுமுட்டி நாறும்.
ஜெனரேட்டரை நம்பியது போதுமென்று
ஷொஹாக் ஒரு கரை, நான் ஒரு கரை,
செம்பனைக் குலை அறுக்கும் நீளக் கம்பில்
பலகையைக் கட்டி இழுத்தோம்.
அவன் தன் ஊர் ஆற்றில் படகு வலித்தவன்.
நான் கல்யாண வீட்டில் சாம்பார் கிளறினவள்.
தோள் என்னவோ இருவருக்கும் ஒரே இடத்தில்தான் வலித்தது.

இருட்டில் பச்சை கிடையாது.
வாசம் உண்டு:
துருப்பிடித்த ஆணி, அறுத்த புல்,
எங்கேயோ கொஞ்சம் கடல்.

சேர்ந்த அன்று நூர் ஹஸ்லினா
கண்ணாடிக் குழாயை வெயிலில் தூக்கிக் காட்டி,
"நூறு கிராம் பொடியில்
அறுபது கிராம் புரதம், அக்கா" என்றாள்.
ஆட்டுக்கறியில் எவ்வளவு என்று கேட்டேன்.
"இருபதுதான். ஆனால் அது ஈரம், இது காய்ந்தது,
அப்படியே ஒப்பிடக்கூடாது" என்றாள்.
அந்த 'ஆனால்' எனக்குப் பிடித்திருந்தது.

முப்பது வருஷமாய் நான் பாசியைத் தேய்த்து வந்தவள்.
குளியலறைத் தரையில், தண்ணீர்த் தொட்டியில்,
மாமியார் வழுக்கி இடுப்பு ஒடித்த கோயில் படியில்.
இப்போது அதற்கே சோடா உப்புப் போட்டு,
சூடு பார்த்து,
கொசுப்புழு இறங்காமல் வலை மூடி
வளர்க்கச் சம்பளம் தருகிறார்கள்.
மூன்று நாளில் இரட்டிக்கிறது.
மேய்ச்சலுக்குக் காடு கேட்பதில்லை.
செம்பனை கேட்டது. கொடுத்தார்கள்.
அந்தக் காட்டின் இடத்தில்தான்
நான் உதிரிப்பழம் பொறுக்கி வளர்ந்தேன்,
அதனால் பெரிதாக ஒன்றும் பேசமாட்டேன்.

பொட்டலத்தில் ஒட்ட
மலாயில், சீனத்தில் எழுதியாயிற்று,
தமிழில் நீங்கள் எழுதுங்கள் என்றார்கள்.
ஷிப்ட் முடியும் நேரம். அவசரம்.
ஒரு துணைக்காலை விட்டுவிட்டேன்.
இருநூறு பொட்டலம் அச்சாகி வந்தது:
உலர்ந்த பசி.
ஐம்பது கிராம்.
ஈரமில்லாத இடத்தில் வைக்கவும்.

படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.
நானேதான் போய்ச் சொன்னேன்.
சிரித்துவிட்டு, விற்க முடியாது,
ஆளுக்குப் பத்து எடுத்துப் போங்கள் என்றார்கள்.
சரியாக அச்சடித்ததன் விலையை அன்றுதான் பார்த்தேன்.
எங்கள் தாமானில்
அந்த விலைக்குப் பசி வாங்கவும் ஆளில்லை.

தோசைமாவில் கலந்தேன்.
தர்விந்த் தட்டை ஒரு விரலால் தள்ளினான்.
"என்னம்மா, குட்டையைச் சுட்டுப் போட்டியா?"
அவன் ஜிம்முக்குப் போகிறவன்.
அவனுக்கு நூற்று எண்பது ரிங்கிட்டில் ஒரு டப்பா,
மேலே கரடிபோல ஓர் ஆள்,
உள்ளே மாட்டுக்குப் பிறந்த மாவு.
எதிர்வீட்டு ஆ கியோங் மட்டும் ஒரு வாய் மென்று,
"கங்கோங் மாதிரி" என்று மிளகாய்ச் சட்னி கேட்டார்.
ருசியென்று அடித்துச் சொல்ல மாட்டேன்.
மிளகாய் தாராளமாக வேண்டியிருக்கிறது.

நாலரைக்கு மின்சாரம் வந்தது.
சக்கரம் இருமி, ஒரு சுற்று யோசித்துச் சுற்றியது.
ஷொஹாக் கம்பைச் சாத்திவிட்டு
ஈரத் தரையிலேயே உட்கார்ந்தான்.
கேட்டில் காவலர் முத்துவேலு, வழக்கம்போல,
"பசியாறியாச்சா?"
இல்லையென்று கையை ஆட்டினேன்.
கை முழங்கை வரை பச்சை.

வீட்டுக்கு வந்தால் அடுப்படி விளக்கு எரிகிறது.
மாசக் கடைசி. கரடி டப்பா
மூடி திறந்து குப்பைக்கூடையில்.
அலமாரியில் ஒரு பொட்டலத்தின் வாய் கிழிந்திருக்கிறது,
இரண்டு கரண்டி அளவு குறைகிறது.
அவன் குலுக்கிக் குடிக்கும் குப்பி
கழுவாமல் கிடக்கிறது, அடியில் பச்சையாய் ஒரு வளையம்.

நான் எதுவும் கேட்கவில்லை.
நாரை எடுத்துத் தேய்த்தேன்.
அழுத்தித் தேய்த்தால்தான் போகிறது.