பத்தில் ஒன்று

மாதக் கடைசி ஞாயிறு.
டோரீன் ஹவ்லிச்செக் எழுதிய குறிப்புகளில்
பத்துக்கு ஒன்று எனக்கு வரும்.
ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு என்று
எங்கள் ஒப்பந்தமும் நம்புகிறது.

"படித்தேன், ஒப்புக்கொள்கிறேன்" என்று
ஒரு பொத்தான் உண்டு.
நாற்பது முறை அழுத்தும்போது
நானும் கைநாட்டுக்காரன்தான்.

அவள் இருப்பது நூற்றிருபது மைல் தள்ளி,
நெப்ராஸ்கா மணற்குன்றுகளுக்கு நடுவே,
பெட்ரோல் பங்க்கை ஒட்டிய இரண்டு அறைக் கிளினிக்கில்.
கதவில் அவள் பெயர்,
கீழே பொடி எழுத்தில்
மேற்பார்வை: டாக்டர் ராய்ஸ் அமுண்ட்சன்.
அந்தக் கதவை நான் இரண்டு முறை திறந்திருக்கிறேன்.

இருபத்தேழாவது குறிப்பு.
பிப்ரவரி ஒன்பது, இரவு 11.40.
வேலிக்கம்பி இழுத்துக் கட்டிய மனிதர், வயது அறுபத்தொன்று,
முதுகு கிழிகிறது என்கிறார்.
ஈசிஜியில் குறையில்லை.
"மேற்பார்வை மருத்துவரிடம் பேசினேன்."

பேசினாள்.
தலையணையில் பாதி முகம் புதைய,
தசைப்பிடிப்பு, மாத்திரை கொடு,
காலையில் பார்க்கலாம் என்றேன்.
பனிப்புயல் அறிவிப்பு வேறு,
எங்கே அனுப்புவாய் என்றும் கேட்டேன்.

அடுத்த வரி:
"இடது கையிலும் ரத்த அழுத்தம் பார்த்தேன்."
வலது நூற்றெழுபது.
இடது நூற்றுப் பதினெட்டு.

மறுபடி போன்.
ஹெலிகாப்டரைக் கூப்பிட்டுவிட்டேன் என்றாள்.
அனுமதி கேட்கிற குரல் இல்லை;
இறங்கும் இடத்துக்கு விளக்கு வைக்க
ஓடப் போகிறவளின் மூச்சு.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
கோப்பில் அந்த மௌனத்துக்கு
"மருத்துவர் இசைந்தார்" என்று பெயர்.

ஓமாஹாவில் விடியுமுன் நெஞ்சைத் திறந்தார்கள்.
பெருந்தமனி கிழிந்திருந்தது.
நேற்று சூப்பில் உப்பில்லை என்று
வார்டையே திட்டினாராம்.

நான் சொன்னது குறிப்பில் எங்கேயும் இல்லை.
மேலும் கீழுமாய்த் தேடிவிட்டேன்.
பந்தியில் பக்கத்து இலைக்காரர் சிந்தியதைப்
பார்க்காதது போல
விட்டுவிட்டிருக்கிறாள்.

பொத்தானை அழுத்தவில்லை.
கீழே காலிக் கட்டத்தில் தட்டினேன்:
நான் காத்திருக்கச் சொன்னேன்.
இவர் காத்திருக்கவில்லை.
இரண்டு கையும் பார்த்தாயா என்று
நான் கேட்டிருக்க வேண்டும்.

மருத்துவமனை வக்கீலுக்கு இது பிடிக்காது.
காபி ஆறிவிட்டது.

இருபத்தெட்டு:
ஆறு வயதுப் பையன், காதுக்குள் மக்காச்சோள மணி.
எடுத்தாயிற்று. பையன் அழவில்லை,
அம்மாதான் அழுதார்.

ஒப்புக்கொள்கிறேன்.