வேலித் திடல்

கிளாருசில் இந்தத் திடலுக்கு
வேலி என்றுதான் பெயர்.
சித்திரை மாதத்து ஞாயிறு,
மரவளையத்துக்குள் ஒரு மாநிலமே நிற்கிறது,
மழைக்கோட்டும் கையில் ஓர் அட்டையுமாய்.
நடுவில் வாளை ஊன்றியபடி தலைவர்.
அவர் குரலை ஒலிபெருக்கி
எங்கள் குசினி யன்னல்வரை கொண்டுவந்து கொட்டுகிறது.

யன்னலுக்கு உள்ளே
முந்நூறு வெள்ளைச் சொசேஜ்,
ஊறிய பிளம்ஸ், மசித்த உருளைக்கிழங்கு,
நான், லெஃப்தெரிஸ்.

அவன் கவாலாக்காரன்.
கடன் அவன் நாட்டைத் தின்ற ஆண்டில்
இங்கே கோப்பை கழுவ வந்தவன்.
"இதெல்லாம் நாங்கள் தொடங்கியது" என்கிறான்
முழங்கைவரை நுரையில் நின்று.
"கண்டுபிடித்தவனுக்கு ஒரு சதம் வரவேண்டாமா?"

பிறகு கயிற்றுக் கதை.
ஏதென்சில் சபை கூடும் காலை,
சந்தையில் மீனுக்கு விலை பேசி நிற்பவர்களைச்
செஞ்சாயம் தோய்த்த கயிற்றால் வளைத்துக்
குன்றுக்கு அனுப்புவார்களாம்.
ஆடையில் சிவப்புப் பட்டவனுக்கு அபராதம்.
சிரித்துவிட்டேன்.
ஓட்டுப் போட
ஓட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள் மனிதரை!

"கயிற்றைப் பிடித்தது யார்?"
கையிலிருந்த கோப்பையைத் துடைத்து முடிக்கும்வரை
அவன் பேசவில்லை.
"அடிமைகள். நகரம் காசு கொடுத்து வாங்கியவர்கள்.
இந்த முனையில் ஒருவன், அந்த முனையில் ஒருவன்."

இரண்டு கையும் கயிற்றில்.
உயர்த்துவதற்கென்று மூன்றாவது கை
எவனுக்கும் முளைக்கவில்லை.

சபைக்குப் போனவர்களின் மனைவியர்
அன்று என்ன சமைத்தார்கள்?
தெரியாது என்றான். பயறாக இருக்கும் என்றான்.
இந்த வளையத்திலும் எழுபத்தொன்றுவரை
பெண்கள் வெளியேதான்.
சொன்னது ஏழாம் மேசை உர்சுலா லுக்சிங்கர்,
இன்னும் கொஞ்சம் கடுகு கேட்டபடியே.

கடைசித் தீர்மானம்.
குசினி விசிறியை நிறுத்தினேன்.
சேர்ன்ஃப் பள்ளத்தாக்கின் இரவு பஸ்:
வைப்பதா, எடுப்பதா.

அது என் பஸ்.
பதினொன்று நாற்பது.
சாரதி, நான், சிலவேளை
தன்பாட்டில் ஏறி எங்கியில் இறங்கும் ஒரு நாய்.
"வெறும் பஸ்ஸுக்கு டீசல் எதற்கு?" என்கிறார்
மேடையில் ஒருவர்.
பதினொரு வருடமாய் அந்த வெறுமையில்
மூன்றாவது இருக்கை என்னுடையது.
அடுத்து மாட்டுப் பண்ணைக்காரர் ஒருவர்,
நடந்தால் இரண்டு மணித்தியாலம் என்கிறார்.
சரியான கணக்கு. பனி விழுந்தால் இரண்டரை.

கைகள் எழுகின்றன.
இங்கே எண்ணுவதில்லை.
பானைக்கு உப்பை நான் மதிப்பதுபோல்
கண்ணாலேயே அளக்கிறார் தலைவர்.
சமம்போல் தெரிகிறது.
மறுபடி என்கிறார். மறுபடியும் சமம்.
சேர்ந்து பார்க்க
இன்னும் நான்கு பேரை மேலே அழைக்கிறார்.

யன்னலோரம் நிற்கிறேன்.
வலது தோளில் ஒரு தினவு.
ஐந்து சோடிக் கண்களில் ஒன்றுக்கு
என் கையிலிருக்கும் சமையல் துண்டும்
ஓர் அட்டையாகத் தெரிந்துவிடலாம்.
கையைக் கொண்டுபோய் ஏப்ரன் பைக்குள் வைத்தேன்.
உள்ளே நெருப்புப்பெட்டி, பஸ் சீசன் டிக்கெட்.
இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.
அவர்கள் கணக்குப் பிழைக்கக் கூடாது.

லெஃப்தெரிஸ் பார்த்தான்.
ஒன்றும் சொல்லாமல்
ஈரக் கைகளைத் திரும்ப நுரைக்குள் விட்டான்.

பிறகு வளையம் உடைந்து
ஒரு மாநிலம் பசியோடு படியேறி வந்தது.
கடுகு, பியர், கடுகு, கதிரை போதாது,
பிளம்ஸ் வேண்டாம் என்று ஒரு குழந்தை.
மூன்று மணிக்குத்தான் யாரோ சொன்னார்கள்:
பஸ் வென்றதாம்.

எத்தனை கைகளால் என்று
தலைவருக்கே தெரியாது.
என் கை அதில் இல்லை,
அது ஒன்றுதான் துல்லியமாகத் தெரிந்த எண்.

இரவு பதினொன்று நாற்பது.
நாய் எனக்கு முன்பே ஏறியிருந்தது.