இனம் என்ற கட்டம்

வீவக வீட்டுக்குள் எந்த நாய் வரலாம் என்பதற்கு
ஒரு பட்டியல் உண்டு.
சாப்பாட்டு மேசையில் அதை விரித்து
மீன் குழம்புக் கறை படாத பக்கமாக
பச்சைப் பேனாவால் அடிக்கத் தொடங்கினோம்.

பக்: குறட்டை விடும்.
"அதுக்குத்தான் நீங்க இருக்கீங்களே" என்றாள் சியூ ஹூன்.
சிவாவா: பையனின் பள்ளிப்பையைவிட எடை குறைவு,
இருட்டில் யாராவது மிதித்துவிடுவோம்.
ஷீ ட்சுவுக்கு மாதம் ஒருமுறை முடிதிருத்தம்.
எனக்கே மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான்.
பூடிலின் விலையைக் கேட்டுவிட்டு
கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தேன்.

முடி உதிர்வு, குரைப்பு, குழந்தையிடம் பொறுமை
என்று நான் போட்ட அட்டவணையில்
நன்மாறன் தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்திருந்தான்,
பென்சிலில்:
நான் வீட்டுக்கு வரும்போது அது இருக்கணும்.

ஒன்பது வயது.
கழுத்தில் சாவி.
நான் பேருந்தில், அவள் மருந்தகத்தில்.
ஒன்றே முக்கால் மணிக்குக் கதவைத் திறந்து
முதலில் மின்விசிறியைப் போடுகிறவன்.

அந்த வரிக்கு எந்த இனத்துக்கு எத்தனை மதிப்பெண் போடுவது?

சுங்கை தெங்கா காப்பகத்தில் ஜஸ்வீர்
பழுப்பு நாய் ஒன்றைக் கூட்டிவந்தாள்.
ஒரு காது நின்றது, மற்றது விழுந்திருந்தது.
"சிங்கப்பூர் ஸ்பெஷல்" என்றாள்.
காப்பிக்கடையில் மீ கோரெங்குக்கு மேல்
முட்டை பொரித்துப் போட்டுத் தருவார்களே,
அப்படித்தான் எனக்குக் கேட்டது.

தரையிலிருந்து தோள்வரை நாடா பிடித்தாள்.
ஐம்பத்தைந்து சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும்.
ஐம்பத்து மூன்று.
நாய் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றதாக
இன்றும் சொல்கிறான் பையன்.
"என்னையும் அளங்க அக்கா."
நூற்று முப்பத்தொன்று.
அவனுக்கு எல்லை எதுவும் சொல்லவில்லை அவள்.

படிவத்தில் ஒரு கட்டம்.
ஜஸ்வீர் யோசிக்காமல் எழுதினாள்: கலப்பு.
ஆங்கிலத்தில் நாய்க்கும் மனிதருக்கும் அங்கே வேறுவேறு சொல்.
எனக்குள் ஒரே சொல்தான், இனம்.
தோளுக்கு மேலாக எட்டிப் படித்தவன் கேட்டான்,
"எனக்கு என்ன எழுதினீங்க?"

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.
பிறப்பைப் பதியப் போன நாள்.
அம்மாவினுடையதா, அப்பாவினுடையதா,
இரண்டுமா என்று கேட்டார்கள்.
இரண்டும் என்றோம், நடுவில் ஒரு சிறுகோடு.
எது முன்னால், எது பின்னால் என்று
இரு வீட்டிலும் ஒரு மாதம் பேச்சுவார்த்தை இல்லை.
"ரெண்டும் எழுதினோம்" என்றாள் சியூ ஹூன்.
"ஓ" என்றான்.
நாயின் விழுந்த காதைத் தூக்கிப் பார்த்தான்.
விட்டதும் அது மறுபடி விழுந்தது.

கச்சாங் என்று பேர் வைத்தது அவன்தான், நிறத்துக்காக.
எதிர்வீட்டு ரொஹானா மச்சிக்கை மின்தூக்கியில் கண்டால்
நாங்கள் பின்வாங்கி அடுத்ததற்குக் காத்திருக்கிறோம்.
கதவு மூடும் முன்
"கச்சாங், சுடா மாக்கான்?" என்று கேட்டுவிட்டுத்தான் போகிறார்.

ஒரு கணக்கு மட்டும் அட்டவணையில் இல்லை.
இதற்கு ஐந்து வயது, அவனுக்கு ஒன்பது.
அவன் தலை மழித்து தேசிய சேவைக்குப் போய்
முதல் விடுப்பில் அழுக்குத் துணிப் பையோடு வரும்போது
இதற்குப் பதினான்கு.
வரும்போது இருக்கணும்.
அவளிடம் இதைச் சொல்லவில்லை.
அவளும் போட்டுப் பார்த்திருப்பாள்,
மருந்தளவு கணக்கிடுகிறவள்.

சோபாவில் ஏறக்கூடாது என்பது வீட்டு விதி.
நேற்று எங்கள் புளோக்கின் முன் சிவப்பு விளக்கு.
மணி ஒன்று முப்பத்தெட்டு.
இரண்டாம் மாடி, சன்னல் கம்பிக்குப் பின்னால்
ஒரு நின்ற காது, ஒரு விழுந்த காது,
சோபாவின் முதுகில் இரண்டு முன்னங்கால்கள்.
என் பேருந்தை அது பார்க்கவே இல்லை.
பள்ளி இருக்கும் பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

பச்சை விழுந்து
பின்னாலிருந்து யாரோ ஹாரன் அடித்தார்கள்.